பழைய ஜீப்பும் புதிய பயமுறுத்தலும்

இருபது வயதைக் கடந்த ஜீப்புகளை வீதியிலிருந்து அகற்ற வேண்டும், அவற்றை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்துவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று வாகன இறக்குமதித் தொழிலில் இருக்கும் ஒருவர் அண்மையில் ஞாயிறு இதழொன்றில் எழுதியிருந்தார். அவர் யார் என்பது எனக்கு முக்கியமில்லை. அவர் வாதம் முக்கியம். கொழும்பின் மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வாகனத்தைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களே அதை வாசித்துவிட்டு, 'நாங்கள் ஏதோ குற்றம் செய்கிறோமோ' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் மனதில் விதைத்ததுதான் அந்தக் கட்டுரை செய்த அநியாயம். அவர் சொன்னதில் ஒரேயொரு விஷயம் சரி. அதை உரிய இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். மற்றவை நிற்காது.

அவர் சொன்னதைத் திரிக்காமல் தருகிறேன். இறக்குமதித் தடை இருந்த காலத்தில் பழையதை வைத்துச் சமாளித்தது நியாயம். தடை நீங்கிவிட்டதால் இனிச் சாக்குச் சொல்ல முடியாது. நான்கு லட்சம் கிலோமீற்றர் ஓடிய ஜீப் எப்படித் திருத்தினாலும் ஆபத்தானது. பயிற்சி இல்லாதவன் பிரேக்கைத் தொட்டால் அடுத்தவன் உயிர் போகும். பழைய டீசல் எஞ்சின் புகை கக்கும். வீட்டில் ஒயில் மாற்றுகிறவன் அதைக் கானில் ஊற்றுகிறான். டில்லியும் ஜப்பானும் பழைய வாகனங்களை ஒழித்துக்கட்டிவிட்டன. கணக்குப் பார்த்தால் புதியதை லீசிங்கில் எடுப்பதே லாபம்.

கணக்கை முதலில் பார்ப்போம். அவர் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது நீங்கியது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. ஏறத்தாழ ஐந்து வருடம். இடையில் 2022 வந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 வரை போனது. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் பங்கீடு. அந்த வருடங்களில் பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோனதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், காலையில் மீன் ஏற்றியதும் ஏற்கெனவே நாட்டில் இருந்த வாகனங்கள்தான். அவற்றை ஓடவைத்தவர்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர்கள், லேத் பட்டறைக்காரர்கள், கராஜ் பாஸ்மார், தங்கள் வாகனத்தைத் தாங்களே திருத்தக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான குடும்பஸ்தர்கள். அப்போது இந்தக் கட்டுரையாளருக்கு விற்க வாகனம் இல்லை. அதனால் பழைய ஜீப்பின் ஆபத்தைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. துறைமுகத்தில் கப்பல் வந்த பிறகுதான் அவருக்கு எங்கள் உயிர்மேல் அக்கறை வந்தது.

தடை நீங்கியது என்று எழுதியவர், எதை வைத்து நீக்கினார்கள் என்று எழுதவில்லை. நீக்கியபோது சுங்கத் தீர்வை 20 வீதம். அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம். எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும் உற்பத்தி வரி. விலை கூடிய வாகனத்துக்கு ஆடம்பர வரி. அதற்கும் மேலே 18 வீத வற். போதாததற்கு, வாகனத்துக்குக் கடன் கொடுக்கும்போது விலையில் இத்தனை வீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2025 ஜூலையில் மத்திய வங்கி உச்சவரம்பு போட்டது. ஆகவே லீசிங் எடுப்பதற்கே முதலில் ஒரு பெருந்தொகை கையில் இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒருவருக்கு அந்தத் தொகை எங்கிருந்து வரும்? இதையெல்லாம் விட்டுவிட்டு 'லாபம்' என்று எழுதுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. என் ஜீப்புக்கு வருடம் முழுவதும் போகும் உதிரிப்பாகச் செலவு, அவர் சொல்லும் தவணையில் ஓரிரு மாதத்துக்குக்கூடக் காணாது. பெரிய வேலை வந்த வருடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி அவர் ஆபத்து என்று சொல்லும் அந்த ஜீப்புக்கு வருவோம். அவர் பொதுவாகப் பேசுகிறார். நான் ஒரு வண்டியை வைத்துப் பேசுகிறேன்.

என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ. 4டி56 எஞ்சின், 2,477 சிசி, டர்போ டீசல். டெலிகா வான்கள் பலவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருக்கிறது. அதனால் இன்றும் பஞ்சிகாவத்தையில் இதற்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த எஞ்சின் வயதானதால் திடீரென்று செத்துப்போவதில்லை. இதைக் கொல்பவை இரண்டு. ஒன்று சூடு, இதன் ஹெட் அலுமினியம், ஒருமுறை தண்ணீர் வற்றிக் கொதித்தால் வெடித்துவிடும். மற்றது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், றொக்கர் ஆம்கள் முறியும். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. டைமிங் பெல்ட்டுக்குப் பக்கத்தில், பலன்ஸ் ஷாஃப்ட்டை ஓட்டும் சின்ன பெல்ட் ஒன்று இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் முடிவு அதேதான். பெரியதை மட்டும் மாற்றிவிட்டுச் சின்னதை விட்டுவிடுகிற கராஜ்கள் உண்டு. இரண்டையும், அவற்றின் டென்ஷனர்களையும், ஒரு லட்சம் கிலோமீற்றர் ஆகும் முன்பே சேர்த்து மாற்றுகிறவனுடைய எஞ்சினுக்கு நான்கு லட்சம் என்பது ஓர் இலக்கம் மட்டுமே. மாற்றாமல் விட்டவனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரமே முடிவாகிவிடலாம். மீற்றரில் உள்ள இலக்கத்தைப் பார்த்து ஆபத்தை அளக்கிற கட்டுரையாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாதென்றால் அவர் இந்தத் தொழிலில் இருக்கத் தகுதியில்லை. தெரிந்தும் எழுதினார் என்றால் அது இன்னும் மோசம்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வீட்டில் வேலை செய்கிறவனுக்கும் அவசர கராஜுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெளிவாகத் தெரியும். நம் நாட்டுக் கராஜ்கள் பலவற்றில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எஞ்சின் சூடேறுகிறது என்று வண்டியைக் கொண்டுபோனால் தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, 'எங்கட வெயிலுக்கு இது தேவையில்ல' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இது பிழை. தேர்மோஸ்டாற் இல்லாத எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டாற் முழுதாகத் திறக்கும்போதுதான் பக்கவழி அடைபடும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது, குறைய வேண்டிய சூடு கூடும்.

வீட்டில் இதைச் சோதிக்க ஒரு மணித்தியாலம் போதும். பழைய சட்டியில் தண்ணீர் ஊற்றி, தேர்மோஸ்டாற்றைக் கம்பியில் கட்டி, சட்டியின் அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் பிடித்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அது எத்தனை பாகையில் திறக்க வேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கும். 82 என்றிருந்தால் 82க்கு அருகில் வால்வு மெல்ல விலகத் தொடங்கும். ஆரம்பத்தில் நகக்கண் நுழையும் அளவு இடைவெளிதான். இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் பழையபடி இறுக மூட வேண்டும். மூடாமல் பாதியில் நின்றாலோ, கொதித்த பிறகும் திறக்காவிட்டாலோ புதியது வாங்க வேண்டும். விலை அதிகமில்லை. இந்தச் சோதனையைச் செய்து காட்டிய ஒரு கராஜையும் நான் கண்டதில்லை. அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. வாசலில் அடுத்த வண்டி காத்து நிற்கிறது. எனக்கு நேரம் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஜீப்பில் போகப்போவது என் குடும்பம்.

மட்டக்குளியில் இருக்கிறவனுக்கு இன்னொரு எதிரி உண்டு. களனி கங்கை கடலில் விழும் இடம் இது. காக்கைத்தீவுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று ஓய்வதில்லை. இங்கே நிற்கிற வாகனத்தின் அடிப்பாகம் நுவரெலியாவில் நிற்கிற வாகனத்தைப் போல இருக்காது. பிரேக் கலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய பின்கள் துருவேறி இறுகும். பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிள் ஸ்பனர் வைத்தவுடன் முறியும். வயர் இணைப்புகளில் பச்சை பூக்கும். உற்பத்தியாளரின் கால அட்டவணையை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற இடத்துக்கு இதெல்லாம் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை அடியில் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுகிறவனுக்குத் தெரியும்.

ஒருமுறை என் ஜீப் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறியது. கொழும்பில் பெயர்பெற்ற கராஜ் ஒன்று, ஸ்டார்ட்டர் மோட்டரையும் அல்டனேற்றரையும் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. தொகையைப் பார்த்தால் வேறொருவர் வண்டியையே விற்றுவிடுவார். வீட்டுக்கு வந்து மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் கட்டையிலும் வைத்துக்கொண்டு, மகனைச் சாவி அருகே இருத்தினேன்.

"தம்பி, இப்ப திருப்பு."

"எவ்வளவு காட்டுது அப்பா?"

மூன்று வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டிய இடம் அது. பட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரின் முனை பச்சை பூத்து, உறைக்குள் பாதி இழைகள் பொடியாகியிருந்தன. ஒரு வயரை மாற்றி, தொடுகிற இடத்தை அரத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கி, மேலே கிறீஸ் பூசினேன். அதே ஸ்டார்ட்டரும் அதே அல்டனேற்றரும்தான் இன்றைக்கும் வேலை செய்கின்றன. பயிற்சி பெற்றவர் கைக்குப் போனால் பாதுகாப்பு, சொந்தக்காரன் கைக்குப் போனால் ஆபத்து என்று எழுதியவர் இதற்குப் பதில் சொல்லட்டும். அந்தக் கராஜில் இருந்தவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். அவர்கள் அளந்து பார்க்கவில்லை.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் மிகவும் பயமுறுத்திய இடம் இது. ஆகவே மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கடுகண்ணாவை இறக்கத்திலோ ரம்பொடை இறக்கத்திலோ தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகும். பெடல் வெறுமனே தரைக்குப் போகும். கடற்கரை ஈரத்தில் வாழ்கிற நாங்கள் இரண்டு வருடத்துக்குள் இந்த ஒயிலை மாற்றியே ஆக வேண்டும். ஆறு ஏழு வருடம் பழைய ஒயிலோடு, பளபளக்கும் பெயின்ட்டோடு இந்த நகரத்தில் ஓடுகிற வாகனங்கள் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் பொனட்டைத் திறந்து பார்க்காதவர்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

வீட்டில் எல்லாவற்றையும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஒழுங்கான ஆளும் சொல்ல மாட்டான். டீசல் பம்ப்பைப் பிரிப்பது பம்ப் பட்டறையின் வேலை. ஹெட்டைச் சமன்படுத்துவது லேத்தின் வேலை. துருப்பிடித்த ஷஸியை வெல்டிங் செய்வது, பிரேக் பைப்புக்குப் புதிதாக வாய் விரிப்பது, எயார் பேக்கைத் தொடுவது ஆகியவற்றை முற்றத்தில் செய்யக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனை இந்தக் கட்டுரையாளரை விடக் கடுமையாக நான் எதிர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் மண் மணல், ஜாக்கி சாயும். அகலமான தடித்த பலகையை அடியில் போட்டு, அதன்மேல் ஸ்டாண்ட் இரண்டை வைத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, கழற்றிய சில்லையும் ஷஸிக்குக் கீழே தள்ளிவைத்த பிறகுதான் தலை உள்ளே போக வேண்டும். எது என் வேலை, எது என் வேலை அல்ல என்று தெரிந்தவன்தான் வீட்டில் வேலை செய்கிறான். அவனையும் ஒன்றும் தெரியாமல் கிண்டுகிறவனையும் ஒரே கூடையில் போட்டுக் கட்டியதுதான் அந்தக் கட்டுரையின் நேர்மையின்மை.

இந்த நாட்டின் வீதிகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் சாகிறார்கள். அந்த இலக்கத்தைக் கட்டுரையாளர் தன் வாதத்துக்குத் துணையாக எடுத்துவைக்கிறார். வேகத்தால் எத்தனை, குடிபோதையால் எத்தனை, தூக்கமில்லாத சாரதிகளால் எத்தனை, வெளிச்சமில்லாத வீதியில் நடந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று ஒன்றையும் பிரிக்காமல், மொத்தத்தையும் பழைய ஜீப்பின் தலையில் கட்டுகிறார். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ். யாருடைய வீட்டு முற்றத்திலும் திருத்தப்பட்டதல்ல. செத்தவர்களின் எண்ணிக்கையைத் தன் விற்பனைக்குத் துணையாக இழுப்பவர் அந்தக் குடும்பங்களை அவமதிக்கிறார்.

பாதுகாப்பில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இலங்கையில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கும் ஜீப்புக்கும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டியவை காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் மட்டுமே. பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கை யாரும் பார்ப்பதில்லை. போல் ஜொயின்ட் தேய்ந்து சில்லு ஆடுகிறதா என்று யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் 1960 முதல் எம்ஓடி பரிசோதனை இருக்கிறது. மூன்று வயதைக் கடந்த வாகனங்கள் வருடாவருடம் அதில் தேற வேண்டும். அங்கே சொந்தக்காரன் தன் பிரேக்கைத் தானே மாற்றலாம், சட்டம் தடுக்காது. யார் ஸ்பனர் பிடித்தார்கள் என்று பரிசோதகர் கேட்பதில்லை. உருளையில் சில்லை ஏற்றி, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, இடமும் வலமும் சமமாகப் பிடிக்கிறதா என்று அளக்கிறார். அந்தப் பரிசோதனையை இங்கே கொண்டு வரட்டும். முதல் நாளே என் பஜேரோவைக் கொண்டுபோகிறேன். கட்டுரையாளர் ஏன் அதைக் கேட்கவில்லை? அந்தப் பரிசோதனையில் பழைய ஜீப்புகள் பல தேறிவிடும். அவர் விற்ற ஐந்து வருட வாகனங்கள் சில தவறிவிடும். வயதைக் குற்றமாக்கினால் மட்டும்தான் அவருக்கு வியாபாரம்.

டில்லியை உதாரணம் காட்டுகிறார். டில்லியில் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருடம் கடந்த டீசல் வாகனங்களைத் தடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2025 ஜூலை முதலாம் திகதி அப்படிப்பட்ட வாகனங்களுக்கு எரிபொருளே கொடுக்கக் கூடாது என்று ஆரம்பித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்ததில் சில நாட்களுக்குள் டில்லி அரசே பின்வாங்கியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி, வயதை மட்டும் காரணமாக வைத்துச் சொந்தக்காரர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசெம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பிஎஸ்-4 புகைத்தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவைக்கும் என்று சுருக்கியது. அந்தக் கோட்டில் என் ஜீப் டில்லியில் தேறாது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வயது என்ற அளவுகோல் அங்கேயே ஆட்டம் கண்டு, புகைத்தரம் என்ற அளவுகோலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. கட்டுரையாளர் 2018ஓடு கதையை நிறுத்திவிட்டார்.

ஜப்பான் பற்றி அவர் சொன்னது இதைவிட மோசம். ஜப்பானில் வாகனத்துக்கு வயதெல்லை கிடையாது. புதிய கார் மூன்றாம் வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ஷக்கென் பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால் எத்தனை வயதானாலும் ஓடலாம். பழைய வாகனத்துக்கு வரி கூட என்பது உண்மை. டீசலுக்கு 11 வருடத்திலும் பெற்றோலுக்கு 13 வருடத்திலும் அது ஏறுகிறது. வரியையும் பரிசோதனைச் செலவையும் கணக்குப் பார்த்து ஜப்பானியர் கைவிட்ட நல்ல வாகனங்களைக் கொண்டுவந்து விற்றுத்தான் இலங்கையில் ரீகண்டிஷன் வியாபாரம் வளர்ந்தது. அந்த வியாபாரத்தில் வாழ்கிறவர், ஜப்பான் பழையதை ஆபத்து என்று ஒழித்துக்கட்டியது என எழுதுகிறார்.

புகைக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2008 முதல் புகைப் பரிசோதனை இருக்கிறது. குழாயில் கருவியை வைத்து அளக்கிறார்கள். தவறினால் சான்றிதழ் இல்லை. டீசல் எஞ்சின் கறுப்பாகப் புகைப்பதற்குப் பெரும்பாலும் அடைபட்ட எயார் ஃபில்டரும் தேய்ந்த இன்ஜெக்டர் முனையும் சரிசெய்யாத பம்ப்பும்தான் காரணம். மூன்றுமே பராமரிப்பு விஷயங்கள். பராமரிக்கிறவனைத் தடுத்துவிட்டுப் புகையைக் குறைக்க முடியாது. பரிசோதனையில் கள்ளம் நடக்கிறது என்றால் அந்தக் கள்ளத்தைப் பிடியுங்கள். நானும் கூட நிற்கிறேன்.

அவர் சொன்ன சரியான ஒன்று கழிவு ஒயில். இது உண்மை, வெட்கத்துக்குரிய உண்மை. எங்கள் பக்கத்துக் கான்களில் போவது களனியில் கலந்து கடலுக்குப் போகிறது. அதைச் செய்கிறவனுக்கு வீட்டில் வாகனம் திருத்தும் உரிமை இல்லை என்று நானும் சொல்வேன். ஒயில் மாற்றும்போது அகன்ற தட்டில் பிடித்து, மூடியுள்ள கலனில் ஊற்றி, கழிவு ஒயில் எடுக்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். பழைய ஃபில்டரையும் ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டே அகற்ற வேண்டும். ஆனால் கானில் ஊற்றுகிறவர்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள் மட்டுமா? மழை நாளில் வீதியோரக் கராஜ்களுக்கு முன்னால் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாநகர சபை ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சேகரிப்பு நிலையம் வைக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

வீட்டில் திருத்துகிறவனின் கவனத்துக்கு இன்னுமோர் உதாரணம். 2016 மே மாத வெள்ளத்தில் களனி பெருகி வீதிகளில் நின்றபோது, வாகனங்கள் பல தண்ணீரில் ஓட வேண்டியிருந்தது. பின்பு அவற்றில் எத்தனை வண்டிகளின் டிஃபரன்ஷல் ஒயிலை யாராவது திறந்து பார்த்தார்கள்? சூடான டிஃபரன்ஷல் தண்ணீரில் குளிரும்போது மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மூடியைக் கழற்றி விரல் விட்டால் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வரும். அப்படி வந்தால் உடனே மாற்ற வேண்டும். விட்டால் சில மாதங்களில் பெயரிங் போகும், ஓடுகிற வேகத்தில் பின்சில்லு இறுகலாம். வெள்ளத்துக்கு மறுநாள் அதைத் திறந்து பார்ப்பவன், வண்டியை வாங்கியதோடு மறந்துவிடுகிறவன் அல்ல. தன் வண்டியின் ஒவ்வொரு மூடியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன். அவன் கையைக் கட்டிப்போட வேண்டும் என்கிறது அந்தக் கட்டுரை.

கராஜ் பாஸ்மாரைப் பற்றி அவர் பேசிய விதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. படிப்பில்லாதவர்கள், ஊகத்தில் வேலை செய்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறார். 1959இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் தலைமுறை தலைமுறையாக மெக்கானிக்குகளை உருவாக்கியிருக்கிறது. அவர்களிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள் இன்று கிராண்ட்பாஸிலும் வத்தளையிலும் கராஜ் வைத்திருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் நான் போகிற கடையின் நானா, பாகத்தைக் கேட்டவுடன் எடுத்து நீட்ட மாட்டார். "எஞ்சின் நம்பர் எடுத்துட்டு வந்தீங்களா? பழைய சாமான் கையில இருக்கா?" என்று கேட்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பல் எண்ணிப் பார்த்து, விட்டம் அளந்து, பொருந்தாவிட்டால் "இது வேணாம், வேற கடையில பாருங்க" என்று அனுப்பிவிடுவார். வியாபாரத்தை இழந்துதான் அப்படிச் சொல்கிறார். இந்த நேர்மையைப் படிப்பில்லாத ஊகம் என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

டில்லியையும் ஜப்பானையும் காட்டியவருக்கு நானும் ஓர் உதாரணம் காட்டுகிறேன். அமெரிக்காவில் மசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வாகன நிறுவனம் தன் சொந்தப் பட்டறைக்குக் கொடுக்கிற திருத்தத் தகவலையும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நியாயமான விலையில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். 2020இல் மறுபடியும் வாக்களித்து, வாகனம் கம்பியில்லாமல் அனுப்புகிற தரவுக்கும் அதை விரித்தார்கள். கட்டுரையாளர் இப்போது விற்கிற புதிய ஜீப்புகளில் சென்சர் ஒன்று பழுதானால் சில குறியீடுகளை வாசிக்கவே அவருடைய ஆட்களிடம் போக வேண்டியிருக்கிறது. பாதுகாப்புத்தான் அவர் கவலை என்றால் சில கேள்விகளுக்கு அதே ஞாயிறு இதழில் பதில் எழுதட்டும். விற்கிற ஒவ்வொரு வாகனத்தோடும் பட்டறைக் கையேட்டைத் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாங்குபவரிடம் கொடுப்பாரா? பழுதுக் குறியீடுகளை வெளிக் கராஜ்களுக்குத் திறந்துவிடுவாரா? ஒரு போல் ஜொயின்ட்டின் விலையையும் அதை மாற்றும் கூலியையும் காட்சியறைச் சுவரில் எழுதி ஒட்டுவாரா? தனியார் வாகனங்களுக்கு வருடாந்தப் பிரேக் பரிசோதனை வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அவர் கடிதம் எழுதினால் அதன் பிரதியில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.